கெண்டிச் செடிக்குத் தைத்த தொப்பிகள்

தண்ணீரைக் கண்டால் எனக்கு ஆகாது. குடிக்கிற தண்ணீரைச் சொல்லவில்லை, நிற்கிற தண்ணீரைச் சொல்கிறேன். பதினோரு வருடமாகக் கண்டியைச் சுற்றியுள்ள வீடுகளுக்குள் புகுந்து சிரட்டை, யோகட் கப், பழைய டயர், பூச்சாடித் தட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் கவிழ்த்துப் பார்ப்பதுதான் என் வேலை. அடையாள அட்டையில் டெங்கு ஒழிப்புக் கள உதவியாளர் என்று போட்டிருக்கும். சனங்கள் வைத்த பெயர் 'நுளம்பு மிஸ்'. ஒரு கையில் டோர்ச், மறு கையில் வெள்ளை அகப்பை, தோள்பையில் துளிசொட்டியும் சின்னச் சின்னப் போத்தல்களும். நுளம்பின் குடம்பி, அதாவது தேங்கிய நீரில் நெளிந்து நெளிந்து நீந்துமே அந்தக் குட்டிப் புழு, ஒன்றைக் கண்டாலும் என் முகம் மாறிவிடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். மாறத்தான் செய்யும்.

காரணம் இருக்கிறது. நான் சொல்லப் போகிற சம்பவத்துக்கு முந்தின வருடம் என் மகளுக்கு டெங்கு வந்தது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஐந்தாம் நாள் டொக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். அந்தச் சுவரில் இருந்த கீறல் கூட எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் பீஎச்ஐ மாத்தையா, அதாவது எனக்கு மேலே இருந்த சுகாதாரப் பரிசோதகர், அந்த வாரமே வந்து என் வீட்டைச் சோதித்தார். பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டில் இருபது முப்பது குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. ஊரான் வீட்டுச் சிரட்டையையெல்லாம் கவிழ்த்துத் திரிந்தவள் தன் வீட்டுப் பிரிட்ஜை இழுத்துப் பார்க்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மகள் பிழைத்து வந்தாள். அன்றிலிருந்து பின்னேரம் நான் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள்: "இன்னைக்கு எத்தனை அம்மா?" எத்தனை குடம்பி கொன்றேன் என்று அர்த்தம். நாற்பது என்பேன், அறுபது என்பேன். பெரிய அதிகாரி மாதிரித் தலையாட்டிவிட்டுப் படிக்கப் போய்விடுவாள். குறைவாகச் சொன்னால் முகம் சுருங்கும். அதனால் சில நாள் கூட்டிச் சொல்லியும் இருக்கிறேன்.

அந்த மனநிலையில்தான் கெலிஓயாவுக்கு மேலே, மேட்டில் இருந்த அந்த வீட்டுக்குள் போனேன். தையல்காரி ஒருத்தியின் வீடு. என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். அந்தப் பக்கத்தில் முஸ்லிம் பெண்களை நாங்கள் ராத்தா என்போம், அக்கா மாதிரி. ராத்தாவின் கணவர் கட்டாரில் வேலை செய்தார். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாத தங்கச்சி உள் அறையில் இருந்தாள். அவர்களுடைய உம்மா காலமாகிவிட்டதால் தலைப்பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"வாங்க மிஸ், எல்லா இடமும் பாருங்க. எங்கட வீட்ல ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது" என்றாள் ராத்தா. அப்படிச் சொல்கிற வீட்டில்தான் நான் கூடுதலாகத் தேடுவேன். ஆனால் உண்மையிலேயே துடைத்து வைத்த வீடு. பிரிட்ஜின் தட்டு கூடக் காய்ந்து கிடந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

பின்பக்கம் போனேன். கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கொடி ஏறியிருந்தது. நீட்டு நீட்டு இலைகள். ஒவ்வொரு இலையின் நுனியும் வாலாக நீண்டு, அந்த வாலின் முடிவில் ஒரு கெண்டி தொங்கியது. நிஜமாகவே கெண்டி. வயிறு உருண்டு, வாய் வட்டமாக, வாய்க்கு மேலே ஒரு மூடி. பச்சை உடம்பு, வாயின் ஓரம் மட்டும் வெற்றிலை போட்ட உதடு மாதிரிச் சிவப்பு. வாய் திறந்தவற்றை எண்ணிப் பார்த்தேன். முப்பத்து நான்கு. டோர்ச்சை அடித்தேன். முப்பத்து நான்கிலும் தண்ணீர்.

மாத்தையா ஒருமுறை காட்டில் இந்தச் செடி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். சிங்களத்தில் பாந்துரா. பாடப் புத்தகத்தில் பூச்சி தின்னும் கெண்டித் தாவரம் என்று படமும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணுக்குச் செடி தெரியவில்லை. முப்பத்து நான்கு பாத்திரங்கள் தெரிந்தன, பத்தடி தூரத்தில் ஒரு பச்சைப் பிள்ளை தெரிந்தது.

"என்னங்க ராத்தா இது? உள்ள குழந்தைய வச்சிக்கிட்டு வெளிய நுளம்புப் பண்ண வச்சிருக்கீங்க! மூணு நாள்ல இத வெட்டணும். இல்லாட்டி நோட்டீஸ்தான்."

அவள் பயப்படவில்லை. இடுப்பில் கை வைத்தாள். "இது மழத் தண்ணி இல்ல மிஸ். நீங்க சிரட்டயயும் இதயும் ஒன்னாப் பாக்குறீங்க."

"வானத்துல இருந்து வராம பைப்புல இருந்தா வந்திச்சி?"

அவள் கொடியின் நுனிப் பக்கம் போய் ஒரு இளம் கெண்டியைக் காட்டினாள். பெருவிரல் அளவு. மூடி இன்னும் திறக்கவில்லை, வாயோடு ஒட்டித் தைத்த மாதிரி இருந்தது. தையல் கத்தரியால் அதை நறுக்கி என் உள்ளங்கையில் கவிழ்த்தாள். இரண்டு மூன்று சொட்டு நீர் விழுந்தது. கொஞ்சம் கொழகொழப்பாக, கண்ணாடி மாதிரிச் சுத்தமாக.

"இதுக்குள்ள எப்பிடி மழ போகும், சொல்லுங்க?"

வாய் திறக்காத பாத்திரத்துக்குள் செடி தானாகவே தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது. வீடு கட்டி முடிக்கும் முன்பே கிணறு வெட்டியது மாதிரி. என் வேலையில் தண்ணீர் எப்போதும் மேலே இருந்து வந்து விழும், இல்லையென்றால் யாராவது மறந்து வைத்திருப்பார்கள். ஒரு இலை தண்ணீர் செய்யும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஆள் நான் இல்லை. ஒவ்வொரு கெண்டியாக டோர்ச் அடித்துக்கொண்டே போனேன். ஒன்பதாவதில் ஏதோ நெளிந்தது. துளிசொட்டியை உள்ளே விட்டு உறிஞ்சி வெள்ளை அகப்பையில் விட்டேன். ஐந்து குடம்பிகள். கெண்டியின் அடியில் இன்னும் சில நெளிந்தன.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

ராத்தாவின் முகம் அப்போதுதான் வெளுத்தது. உள்ளே பிள்ளை சிணுங்கும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு கொடியைப் பார்த்தாள். "ஆறு வருஷம் மிஸ். பேராதனையில செடி விக்கிற எடத்துல ஒரு சாண் கம்பா வாங்கிட்டு வந்தது" என்றாள். "மொத ரெண்டு வருஷம் ஒரு கெண்டி வரல்ல. நான் சாணி போட்டுப் போட்டு வளத்தேன். எல மட்டும் நல்லாக் கொழுத்திச்சி. பொறகு ஒருத்தர் சொன்னாரு, சாணிய நிப்பாட்டுங்க, வயிறு நெறஞ்சா அது ஏன் வேட்டைக்குப் போகும்னு. நிப்பாட்டினேன். அடுத்த மழைக்குக் கெண்டி தொங்கிச்சி." ஒரு கெண்டியைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்: "இது டெங்கு நுளம்புதான்னு நீங்க சொன்னா நானே வெட்டிர்றேன். புள்ளய விட செடி பெருசில்ல. ஆனா தெரிஞ்சிக்கிட்டு வெட்டுவோம்."

அது நியாயமாகத்தான் பட்டது. குடம்பிகளைக் கெண்டி நீரோடேயே போத்தலில் விட்டுச் சீட்டு ஒட்டினேன். ஆய்வுகூடத்துக்கு அனுப்பி முடிவு வரும் வரை பொறுப்பதாகச் சொன்னேன். கிளம்பும்போது "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கொய்யா மரத்தடியில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். வெல்லத்துண்டோடு பால் விடாத சாயத் தேநீர். உட்கார்ந்தேன். இன்றைக்கு யோசித்தால் சிரிப்பு வருகிறது. விளிம்பில் இனிப்பைத் தடவி ஆளை உட்காரவைக்கும் வேலையை அவள் அந்தச் செடியிடமே கற்றிருக்க வேண்டும்.

வெயில் நேரம். என் மூக்குக்கு நேராக ஒரு கெண்டி தொங்கியது. கறுப்பு எறும்பு ஒன்று கொடியில் வந்தது, இலையில் ஏறியது, வால் வழியாக இறங்கியது. வாலிலேயே அங்கங்கே நின்று எதையோ நக்கியது. கெண்டியின் வாய்க்கு வந்து சிவப்பு ஓரத்தில் சாவகாசமாகச் சுற்றியது. மூடியின் அடிப்பக்கம் தலைகீழாகத் தொங்கி நக்கியது. பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. விழவில்லை.

"உங்க செடிக்கு ஒரு எறும்பக் கூடப் பிடிக்கத் தெரியல்ல" என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

ராத்தா மூடியின் அடிப்பக்கத்தை ஆள்காட்டி விரலால் வழித்து என்னிடம் நீட்டினாள். நாக்கு நுனியில் வைத்தேன். தேன். நீர்த்த தேன். ஓரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நெருக்கமான வரிகள், எல்லாம் உள்ளே பார்த்துச் சரிந்த வரிகள். "ஓவர்லொக் அடிச்ச மாதிரி இரிக்குதானே? இவ்வளவு நெருக்கமா எனக்கு மெஷின்லயும் வராது" என்றாள். ஒரு தையல்காரி பொறாமைப்பட்டுப் பேசுவதை நான் அன்றுதான் கேட்டேன்.

அந்த எறும்பு திரும்பி வந்தது. தனியாக வரவில்லை. பின்னால் ஒரு வரிசையே வந்தது. பத்து, பதினைந்து, எண்ண எண்ண வந்துகொண்டிருந்தன. எல்லாம் அதே வால் வழியாக இறங்கி ஓரத்தைச் சுற்றி உட்கார்ந்து, பந்தியில் இலை போட்டவர்கள் மாதிரி நக்கிக்கொண்டிருந்தன. ஒன்றும் விழவில்லை. நான் மறுபடியும் சிரிக்க வாயெடுத்தேன்.

"கொஞ்சம் பொறுங்க மிஸ். ஹந்தானப் பக்கம் பாருங்க."

மலையில் மேகம் இறங்கியிருந்தது. எங்கள் ஊர் மழைக்கு அவசரம் அதிகம். வெயில் மறைந்து, காற்று குளிர்ந்து, ஊசி ஊசியாகத் தூறல் விழுந்தது. நான் கதிரையைத் தகரக் கூரைக்குக் கீழே இழுத்துப் போட்டேன். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. அந்தச் சிவப்பு ஓரம் நனைந்தது. நனைந்ததும் பளபளத்தது. அவ்வளவுதான். முதல் எறும்பு கால் வழுக்கி உள்ளே போனது. அடுத்தது. அதற்கடுத்தது. கால்களைப் பரப்பி நின்றவையும் அந்த வரிகளோடு உள்ளே சரிந்தன. உள்சுவரில் ஏறப் பார்த்த ஒன்று மெழுகில் நடப்பது மாதிரி இரண்டடி ஏறி, மூன்றடி சறுக்கி, தண்ணீருக்குள் போனது. இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது. பந்தியே காலியானது.

அந்தச் செடி முதல் எறும்பைப் பிடிக்கத் தெரியாமல் விடவில்லை. அதை அனுப்பி வைத்தது. போய்ச் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வா என்று வயிறு நிறைய ஊட்டி அனுப்பி வைத்தது. பிறகு மழைக்காகக் காத்திருந்தது. கண் இல்லை, கால் இல்லை, மூளை என்று எதுவும் இல்லை. ஒரு இலை. நான் பதினோரு வருடம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது. குடிக்க மறந்திருந்தேன்.

மழை விட்டதும் எழுந்தேன். அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். வீடு வீடாக ஒப்புவித்து ஒப்புவித்து நாக்கில் ஊறிப்போன ஒரு பாடம் எனக்கு உண்டு. படலையைத் திறக்கும்போது அது தானாகவே வாயில் வரும். மனம் அந்த எறும்புகளிடமே இருக்க, வாய் தன் பாட்டுக்குச் சொன்னது: "தண்ணி நிக்கிற எதையும் வல போட்டு இறுக்கமா மூடி வையுங்க, சரியா?"

"சரி மிஸ்" என்றாள் ராத்தா.

போயா விடுமுறை, வாரக்கடைசி, ஆய்வுகூடத்தில் ஆள் குறைவு என்று இழுத்து, முடிவு வர இரண்டு வாரம் ஆனது. நானே நேரில் போனேன். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண், எதற்கும் அவசரப்படாதவர். நுணுக்குக்காட்டியிலிருந்து தலையை நிமிர்த்தி, "இது டெங்கு நுளம்பு இல்லை. எங்க பிடிச்சனீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"கெண்டியிலயோ? ஓம், அப்ப சரி. இது அந்தக் கெண்டித் தண்ணியில மட்டும் சீவிக்கிற சாதி. மனுசரைக் கடிக்கிறதில்லை. மற்றப் பூச்சியெல்லாம் கரைஞ்சு போற தண்ணியில இது குடும்பம் நடத்துது பாருங்கோ."

எறும்பைக் கரைக்கும் நீரில் இந்தத் துளிப் புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டேன். ஆகாது என்றார். விழுந்த பூச்சியின் மிச்சத்தைத் தின்று வளருமாம், கழிவு செடிக்கு உரமாகுமாம். "ஆனா டெங்கு நுளம்பு அதுக்குள்ள ஒருக்காலும் முட்டை இடாதெண்டு நான் எழுதித் தரமாட்டன். குழந்தை இருக்கிற வீடு. கிழமைக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்றும் சொன்னார். இரண்டு குடம்பிகளைச் சோதனைக்கு எடுத்திருந்தார். மிச்சம் மூன்று போத்தலிலேயே உயிரோடு இருந்தன. "இதை என்ன செய்யிறது?" என்று கேட்டார். நான் போத்தலை வாங்கிப் பைக்குள் வைத்தேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அங்கிருந்து நேரே கெலிஓயா பஸ் ஏறினேன். நல்ல செய்தி கொண்டு போகிறேன் என்ற சந்தோஷம். என் வேலையில் நல்ல செய்தி கொண்டு போகிற நாள் குறைவு.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். முப்பத்து நான்கு கெண்டிக்கும் தொப்பி. வெள்ளை நுளம்பு வலைத் துணியில், ஒவ்வொரு கெண்டியின் வாயளவுக்கும் அளவெடுத்து வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, உள்ளே இலாஸ்டிக் கோத்து, மூடியையும் சேர்த்து இறுக்கமாக மாட்டியிருந்தாள். பெரிய கெண்டிக்குப் பெரிய தொப்பி, சின்னதுக்குச் சின்னது. ஒரு தையல் கூடக் கோணவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் மிஸ்" என்றாள். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "ரெண்டு நாள் ஆச்சி தைக்க. தங்கச்சிட கட்டிலுக்கு வாங்கின வலயில மிச்சம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கிட்டப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. எறும்புகள் வலையின் மேலே வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தன. தேன் வாசனை வருகிறது, தேன் இல்லை. ஒன்பதாவது கெண்டியின் தொப்பியைக் கழற்றினேன். வலையின் உள்பக்கம் ஏழெட்டு சின்ன நுளம்புகள் செத்து ஒட்டியிருந்தன. உள்ளே பிறந்து, இறகு விரித்து, வெளியே போக முடியாமல் செத்தவை. டோர்ச் அடித்தேன். தண்ணீரில் ஒன்றும் நெளியவில்லை. ராத்தா பிள்ளையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு பேருமாக முப்பத்து நான்கு தொப்பியையும் கழற்றினோம். ஒவ்வொன்றிலும் டோர்ச் அடித்தேன். எல்லாம் சுத்தம். வேறு எந்த வீட்டிலாவது இப்படிச் சுத்தம் கண்டிருந்தால் கைதட்டிப் பாராட்டியிருப்பேன்.

ஆய்வுகூடத்தில் சொன்னதை அவளிடம் சொன்னேன். தப்பு என் வாயால் வந்தது என்றும் சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்குச் சுலபமில்லை. என் வீட்டுப் பிரிட்ஜின் தட்டை மாத்தையா இழுத்துக் காட்டிய அன்று கூட நான் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. ராத்தா கையில் இருந்த தொப்பிகளைப் பார்த்தாள், "அப்ப அதுகள் நம்மட புள்ளைக்கு ஒன்னும் செய்யாதுதானே?" என்றாள். செய்யாது என்றேன். "அப்ப பாவம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பையிலிருந்து போத்தலை எடுத்தேன். மூன்றும் நெளிந்துகொண்டிருந்தன. அந்தக் கொடியில் உயிரோடு மிச்சம் இருந்தவை அந்த மூன்றுதான். ராத்தா டோர்ச்சைப் பிடித்தாள். கொல்வதற்காகவே பதினோரு வருடம் பிடித்த துளிசொட்டியால் ஒவ்வொன்றாக உறிஞ்சினேன்.

"பிஸ்மி சொல்லி விடுங்க மிஸ்" என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் எனக்குத் தெரிந்த முருகனைக் கூப்பிட்டு விட்டேன். மூன்றும் ஒரு சுற்றுச் சுற்றி, எறும்புகள் கரைந்து கிடக்கும் அந்த இருட்டுத் தண்ணீருக்குள், தங்கள் வீட்டுக்குள் போவது மாதிரி இறங்கிப் போயின. சிவப்பு ஓரத்தில் அதற்குள் ஒரு எறும்பு வந்து நக்கத் தொடங்கியிருந்தது. வெயில்தான். அது பத்திரமாகத் திரும்பிப் போகும் என்று எனக்குத் தெரியும். எதற்காகப் போகிறது என்றும் தெரியும்.

பின்னேரம் வீட்டுக்குப் போனேன். ஒரு செருப்பைத்தான் கழற்றியிருந்தேன்.

"இன்னைக்கு எத்தனை அம்மா?"

"மூணு."

மகளின் முகம் சுருங்கியது. "மூணுதான் கொன்னீங்களா?"

"கொல்லல்ல. மூணையும் தண்ணியில விட்டுட்டு வந்தேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து, ஆஸ்பத்திரியில் எட்டு நாளும் நான் அவளுக்கு வைத்துப் பார்த்த மாதிரியே, புறங்கையை என் நெற்றியில் வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.